ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தாச்சு: அடுத்த ஆறு வாரங்கள் ஏன் முக்கியம்?

ஊரில் தனியாக இருக்கும் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுகிறார். இடுப்பு எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை. பெங்களூருவில் வேலை பார்க்கும் மகள் பத்து நாள் லீவு போட்டு ஓடிவருகிறார். டிஸ்சார்ஜ் ஆனதும் 24 மணி நேர உதவியாளர் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்புகிறார். குளிப்பாட்டுவது, சாப்பாடு, மாத்திரை என எல்லாம் கட்டிலுக்கே வருகிறது. காயம் ஆறிவிட்டது. ஆனால் இரண்டு மாதம் கழித்தும் அம்மாவால் தனியாகப் பாத்ரூம் போக முடியவில்லை.

இது பல வீடுகளில் நடப்பதுதான். இங்கே கவனிப்பில் குறையில்லை. கவனித்த விதத்தில்தான் சிக்கல். அதற்கான மாற்று, 'ரீஏபிள்மென்ட்' என்ற குறுகிய கால வீட்டுப் பராமரிப்பு.

ரீஏபிள்மென்ட் என்றால் என்ன?

நோய்க்கு முன்பு ஒருவர் தானாகச் செய்துகொண்டிருந்த அன்றாட வேலைகளை மீண்டும் தானாகச் செய்ய வைக்கும் பயிற்சி. எழுவது, குளிப்பது, உடை மாற்றுவது, காபி போடுவது, வாசல் வரை நடப்பது போன்றவை. பயிற்சி நடப்பது அவருடைய வீட்டில், சில வாரங்களுக்கு மட்டும். உதவியாளரின் வேலை செய்து கொடுப்பதல்ல. கூட நின்று செய்ய வைப்பது.

எல்லாவற்றையும் நாமே செய்து கொடுத்தால் என்ன தப்பு?

படுக்கையில் கிடந்தால் தசை வேகமாகக் கரையும். 2007இல் அமெரிக்காவில் ஆரோக்கியமான முதியவர்கள் 11 பேரைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கால்களில் மட்டும் சராசரியாக ஒரு கிலோ அளவுக்குத் தசை குறைந்தது. நோயே இல்லாதவர்களுக்கு இந்த நிலை என்றால், அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு எப்படி இருக்கும்?

இன்னொன்று பயம். ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழுந்துவிடுவோமோ என்று நடப்பதையே குறைத்துக்கொள்வார். நடக்காததால் கால் இன்னும் பலவீனமாகும், விழும் வாய்ப்பு கூடும். "நீ உட்காரும்மா, நான் பாத்துக்கறேன்" என்று பாசத்தில் சொல்வதும் அந்தப் பயத்தை உறுதிப்படுத்திவிடும்.

மற்ற நாடுகளில் எப்படி?

இங்கிலாந்தில் தகுதியுள்ளவர்களுக்கு இந்தச் சேவை ஆறு வாரங்கள் வரை இலவசம். டென்மார்க்கில் ஃப்ரெடெரிசியா என்ற நகராட்சி 2008இல் இதைத் தொடங்கியது. முன்னேற வாய்ப்புள்ளவர்களுக்கு நிரந்தர வீட்டு உதவி தரும் முன் இந்தப் பயிற்சியை வழங்குவது 2015இல் அந்நாட்டு நகராட்சிகளின் சட்டக் கடமையாக்கப்பட்டது.

பலன் நிரூபணமானதா? 2016இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில், மொத்தம் 811 பேர் பங்கேற்ற இரண்டே ஆய்வுகள்தான் தேறின. பலன் சிறிதளவு தெரிந்தாலும் ஆதாரம் வலுவாக இல்லை என்றது அந்தத் தொகுப்பு. ஆக, இது அதிசய மருந்தல்ல. ஆனால் அடிப்படை தெளிவு: பயன்படுத்தாத உடல் பலமிழக்கும்.

இந்தியாவில் என்ன கிடைக்கும்?

இந்தப் பெயரில் நாடு தழுவிய அரசுத் திட்டம் இல்லை. கிடைப்பதைச் சேர்த்து நாமேதான் அமைத்துக்கொள்ள வேண்டும்.

• தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் உண்டு. பெற்றோர் அங்கே இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

• ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாட்கள் வரையிலான மருத்துவச் செலவு அடங்கும். 70 வயதைக் கடந்தவர்கள் வருமான வரம்பின்றி இதில் சேர 2024இல் வழி செய்யப்பட்டது.

• 'ஆரோக்ய சஞ்சீவனி' காப்பீட்டில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாட்கள் வரையிலான மருத்துவச் செலவைக் கோரலாம். மற்ற பாலிசிகளில் நாள் கணக்கு மாறும். உதவியாளரின் சம்பளம் பொதுவாக எதிலும் வராது.

• மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567. வழிகாட்டுதல் கேட்கலாம்.

டிஸ்சார்ஜ் அன்று என்ன கேட்க வேண்டும்?

பில்லைக் கட்டும் அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இந்தக் கேள்விகளை:

1. காலில் எவ்வளவு எடை ஊன்றலாம்? எப்போதிலிருந்து?
2. எந்த அசைவுகள் கூடவே கூடாது?
3. பிசியோதெரபிஸ்ட் வாரத்துக்கு எத்தனை முறை வர வேண்டும்?
4. வாக்கர், உயர்த்திய கமோடு சேர் தேவையா?
5. எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வர வேண்டும்?

பதில்களை டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

வீட்டில் எப்படித் தொடங்குவது?

இலக்கை அம்மாவோ அப்பாவோ சொல்லட்டும். "நானே காபி போட்டுக் குடிக்கணும்" என்பது நல்ல இலக்கு. அதைப் படிகளாகப் பிரியுங்கள். முதலில் கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலியில் உட்காருவது. பிறகு வாக்கருடன் சமையலறை வரை. பிறகு அங்கே ஒரு நாற்காலி போட்டு, டம்ளரும் டிகாக்ஷனும் கைக்கெட்டும் உயரத்தில். கடைசியில்தான் அடுப்பு.

கூடவே வீட்டையும் மாற்றுங்கள். பாத்ரூமில் கைப்பிடி, வழுக்காத தரை, இரவு விளக்கு. கால் தடுக்கும் மிதியடிகளை எடுத்துவிடுங்கள்.

ஏஜென்சியிடம் ஆள் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்: "அவங்களால முடிஞ்சதை அவங்களே செய்யட்டும், நீங்க பக்கத்துல நில்லுங்க." சட்டைப் பொத்தான் போட பத்து நிமிடம் ஆனாலும் காத்திருக்கச் சொல்லுங்கள். உதவியை எந்த வாரத்தில் எவ்வளவு குறைப்பது என்று பிசியோதெரபிஸ்ட்டுடன் பேசி முடிவெடுங்கள்.

எல்லோருக்கும் பொருந்துமா?

பக்கவாதம் வந்தவர்களுக்குத் தனிச் சிறப்புப் பயிற்சி தேவைப்படலாம். மறதிநோய் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரை ஒதுக்கக் கூடாது என்கிறது இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல். முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்ப முடியாதவர்களும் உண்டு. அவர்களுக்குத் தானே எழுந்து உட்காருவதே பெரிய வெற்றி. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது போன்றவை தெரிந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தினமும் போனில் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்கிறோம். இந்த ஆறு வாரமும் இன்னொரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "இன்னைக்கு நீயா என்னென்ன பண்ணினம்மா?"