காவல் விசாரணையில் மௌன உரிமை: இந்தியச் சட்டத்தில் அதன் வளர்ச்சி

காவல் விசாரணையின்போது தன்னைக் குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விகளுக்கு விடை கூற மறுக்கும் உரிமை, சட்டவியலில் மௌன உரிமை எனப்படுகிறது. இந்தியாவில் இவ்வுரிமைக்கு வித்திட்டது விசாரிக்கப்படுபவரின் மானத்தைக் காக்கும் எண்ணமன்று. காவலர் பெறும் வாக்குமூலத்தின்மீது ஆட்சியாளர்க்கே எழுந்த ஐயம்தான். அதனால், காவல் நிலையத்தில் சொன்னதை நீதிமன்றம் ஏற்காதிருக்கும் விதி முதலில் தோன்ற, அங்கே சொல்லாமலே இருக்கும் உரிமை தெளிவான வடிவம் பெற ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. இவ்வுரிமை நீதிமன்றத்தில் வலுவாகவும் விசாரணை அறையில் மெலிந்தும் காணப்படுவதற்கு இந்த வரிசையே காரணம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சென்னை மாகாணப் பின்னணி

சென்னை மாகாணத்தில் நிலவரிக்காகக் குடியானவர்கள் வதைக்கப்படுகின்றனர் என்னும் குற்றச்சாட்டு 1854இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்ததைத் தொடர்ந்து, எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட ஆணையம் சென்னையில் அமைக்கப்பட்டு, 1855இல் தன் அறிக்கையை அளித்தது. கைவிரல்களை மரக்கட்டைகளுக்கு இடையில் வைத்து நெரிக்கும் கிட்டியும், கழுத்தையும் கால்விரல்களையும் கயிற்றால் இணைத்துக் கட்டி ஆளைக் குனிந்த நிலையிலேயே இருத்திவைக்கும் முறையும் அவ்வறிக்கையில் விரிவாகப் பதிவாகியுள்ளன. வரி தண்டிய தாசில்தாரிடமே காவல் அதிகாரமும் குவிந்திருந்தமையால், வரிப் பாக்கியைக் கறக்கப் பயன்பட்ட வழிகள் களவு வழக்குகளில் ஒப்புதல் பெறவும் பயன்பட்டன. 1859ஆம் ஆண்டுச் சென்னைக் காவல் சட்டம் காவல் பணியை வருவாய் நிர்வாகத்திலிருந்து பிரித்தது.

அமைப்பைத் திருத்தினால் மட்டும் பழக்கம் மாறிவிடாது என்னும் உணர்வு 1861ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வெளிப்பட்டது. காவல் அலுவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை, அதாவது குற்றத்தைத் தானே செய்ததாக ஒருவர் ஒத்துக்கொள்ளும் கூற்றை, அவருக்கு எதிரான சான்றாகப் பயன்படுத்தலாகாது என்று அச்சட்டம் விதித்தது. அவ்விதி 1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவாக இடம் மாறியது. காவலில் இருப்பவர் வேறு எவரிடம் ஒப்புக்கொண்டாலும், நடுவர் உடனிருந்தாலன்றி அது செல்லாது என 26ஆம் பிரிவு வகுத்தது. வாய் திறக்கவைப்பதை இச்சட்டங்கள் நேராகத் தடுக்கவில்லை. அதனால் கிடைக்கும் பயனை அகற்றினால் வதைக்கும் தூண்டுதல் குறையும் என்றே கருதின.

திறந்துவிடப்பட்ட வாயில்

இவ்விலக்குக்கு 27ஆம் பிரிவு ஒரு விதிவிலக்கை வைத்தது. காவலில் இருப்பவர் தந்த தகவலால் ஒரு பொருண்மை கண்டறியப்பட்டால், அதனோடு தெளிவாகத் தொடர்புடைய பகுதி மட்டும் சான்றாகும். இதன் எல்லையைச் சென்னை மாகாணத்தின் தெலுங்குப் பகுதியில் எழுந்த புலுகூரி கோட்டையா வழக்கில், லண்டனிலிருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமாகிய பிரிவி கவுன்சில் வரையறுத்தது. இன்னாரை ஈட்டியால் குத்தினேன், ஈட்டியை ஒளித்துவைத்தேன், இடத்தைக் காட்டுகிறேன் எனத் தொடரும் கூற்றில், குத்தியதைச் சொல்லும் முதற்பகுதி நீக்கப்பட்டு, ஒளித்த இடத்தைப் பற்றிய பகுதி மட்டுமே ஏற்கப்பட்டது. ஒப்புதல் வாக்குமூலத்தில் ஏற்கத்தக்க பகுதியை மட்டும் பிரித்து நீதிமன்றத்தில் குறியீடு செய்யும் இன்றைய வழக்கம் இத்தீர்ப்பின் வழிவந்தது. ஆனால், ஆயுதம் கிடைத்தால் போதும் என்ற நிலை, பேசவைக்கும் தூண்டுதலை மீண்டும் காவல் நிலையத்துக்குள் கொண்டுவந்தது.

அரசமைப்பும் நந்தினி சத்பதி வழக்கும்

குற்றஞ்சாட்டப்பட்ட எவரையும் தமக்கு எதிராகத் தாமே சாட்சியாகுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்னும் அரசமைப்பின் 20(3)ஆம் உறுப்பு, 1950இல் மௌனத்தை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக்கியது. உச்ச நீதிமன்றம் 1954இல் எம்.பி. சர்மா வழக்கில் இக்காப்பு நீதிமன்ற அறையோடு முடிவதன்று எனக் கூறியபோதிலும், 1961இல் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு காத்தி காலு ஓகட் வழக்கில் கைரேகையும் கையெழுத்து மாதிரியும் இதில் அடங்கா எனத் தீர்ப்பளித்ததோடு, காவலில் இருந்தபோது பேசினார் என்பதனாலேயே கட்டாயம் நேர்ந்ததாகக் கொள்ள இயலாது எனவும் கூறியது.

விசாரணை அறைக்குள் இவ்வுரிமையை முழுமையாகக் கொண்டுசென்றது 1978ஆம் ஆண்டு நந்தினி சத்பதி தீர்ப்பு. ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சரான அவர், ஊழல் தடுப்புக் காவலர் எழுத்தில் தந்த கேள்விகளுக்கு விடையளிக்க மறுத்ததற்காக, பொது ஊழியரின் கேள்விக்கு விடை மறுக்கும் குற்றத்தைக் கூறும் தண்டனைச் சட்டத்தின் 179ஆம் பிரிவின்கீழ் வழக்குக்கு உள்ளானார். அப்போது நடப்பிலிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161(2)ஆம் பிரிவு, விசாரிக்கப்படுபவரைக் குற்றச்சாட்டுக்கு ஆளாக்கக்கூடிய கேள்விகளுக்கு ஏற்கெனவே விலக்கு அளித்திருந்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், அவ்விலக்கையும் 20(3)ஆம் உறுப்பையும் ஒன்றாக வைத்துப் படித்து, காப்பு புலனாய்வுக் கட்டத்திலேயே தொடங்குகிறது, நடப்பு வழக்கோடு நில்லாமல் எதிர்நோக்கப்படும் பிற வழக்குகளுக்கும் அது பொருந்தும் என விளக்கினார். உடல் வதை மட்டுமின்றி, மனத்தைச் சோர்வுறச் செய்யும் நீண்ட விசாரணையும் மிரட்டும் சூழலும் கட்டாயமே என்றும், விரும்பினால் வழக்கறிஞரை அருகில் வைத்துக்கொள்ளலாம் என்றும் அத்தீர்ப்பு கூறியது. இவ்வழியே சென்ற 2010ஆம் ஆண்டுச் செல்வி தீர்ப்பு, மயக்க மருந்து ஆய்வு, பொய் கண்டறியும் கருவி, மூளை மின்னலை ஆய்வு ஆகியவற்றை ஒருவரின் இசைவின்றி நடத்தலாகாது எனத் தடுத்தது.

சிறப்புச் சட்டங்களும் இன்றைய நிலையும்

பொதுச் சட்டம் மூடிய வாயிலைச் சிறப்புச் சட்டங்கள் திறந்தன. காவல் கண்காணிப்பாளர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவர்கள் பதிவுசெய்யும் ஒப்புதலைச் சான்றாக்கிய, பயங்கரவாதத் தடுப்புக்கான தடா சட்டத்தின் 15ஆம் பிரிவை, உச்ச நீதிமன்றம் 1994இல் கர்தார் சிங் வழக்கில் செல்லத்தக்கதாக ஏற்றது; ராஜீவ் காந்தி கொலை வழக்கில் அத்தகைய வாக்குமூலங்கள் முக்கியச் சான்றுகளாயின. மாறாக, தமிழ்நாட்டிலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில், போதைப்பொருள் தடுப்பு அலுவலரும் 25ஆம் பிரிவின் நோக்கில் காவல் அலுவலரே என 2020இல் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. எனினும், அமலாக்கத் துறையினர் காவல் அலுவலர் அல்லர் என 2022இல் விஜய் மதன்லால் வழக்கில் முடிவானதால், கேள்வி கேட்பவர் எந்தத் துறையினர் என்பதைப் பொறுத்தே காப்பின் அளவு மாறுகிறது.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டங்கள் இக்கட்டமைப்பைப் பெரிதும் அப்படியே தொடர்கின்றன: பழைய 161(2) புதிய நடைமுறைச் சட்டமாகிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 180ஆம் பிரிவிலும், சாட்சியச் சட்டத்தின் 25 முதல் 27 வரையிலான பிரிவுகள் புதிய சாட்சியச் சட்டமாகிய பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆம் பிரிவிலும் இடம்பெற்றுள்ளன. கைது செய்யப்பட்டவர் விசாரணையின்போது தம் வழக்கறிஞரைச் சந்திக்கலாம். ஆயினும் விசாரணை முழுவதும் அவர் உடனிருக்கச் சட்டம் வகை செய்யவில்லை. ஒப்புதல் வாக்குமூலத்தைப் பதிவுசெய்யும் நடுவர், அதை அளிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என முன்னரே எச்சரித்தாக வேண்டும்; விசாரிக்கும் காவல் அலுவலருக்கு அத்தகைய கடமையைச் சட்டம் விதிக்கவில்லை. நடுவரை நம்பி, காவலரை ஐயுற்ற 1861ஆம் ஆண்டு அணுகுமுறையின் தொடர்ச்சியே இது. உரிமையை அறிவிக்கும் கடமை விசாரணை தொடங்கும் இடத்திலேயே சேர்க்கப்படும்வரை, மௌனம் சட்டம் அறிந்தவருக்கும் வழக்கறிஞரை விரைவில் பெறக்கூடியவருக்கும் மட்டுமே எளிதில் பயன்படும்.