இல்லத்துத் திரையின் உரிமை

ஊடகங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை நடத்துவோரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எனினும், காண்போருக்கும் ஒரு வரலாறு உண்டு. தம் இல்லத்தில், தமக்கு உகந்த வேளையில், பிறர் இடையீடின்றிக் காணவேண்டும் என்னும் வேட்கையே அதன் உயிர்நாடியாகும்.

அவ்வரலாற்றின் குறிப்பிடத்தக்க வழக்கொன்று அமெரிக்காவில் எழுந்தது. 1975இல் சோனி நிறுவனம் பீட்டாமாக்ஸ் என்னும் பதிவுக்கருவியை வெளியிட்டது. தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிந்துவைத்துப் பின்னர்க் காண்பது பதிப்புரிமை மீறலாகும் என்று யுனிவர்சல், டிஸ்னி ஆகிய பட நிறுவனங்கள் 1976இல் வழக்குத் தொடுத்தன. 1984 சனவரி 17ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்னும் சிறு வேறுபாட்டில், அது நியாயமான பயன்பாடே எனத் தீர்ப்பளித்தது. வேளையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை காண்போருக்குக் கிட்டிற்று.

2005இல் தோன்றிய யூடியூப்பில் அவ்வுரிமை இயல்பாகவே அமைந்தது. 2006இல் கூகுள் அதனை 165 கோடி டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டே காணொளிகளில் விளம்பரங்கள் இடம்பெறலாயின. காட்சிக்குக் கட்டணம் இல்லை. ஆயின், யார் எதை எவ்வளவு நேரம் கண்டார் என்னும் குறிப்பே விலையாயிற்று.

இதற்கு மாற்றாக 2018இல் உருவானதே இன்விடியஸ் என்னும் கட்டற்ற மென்பொருள். அது காணொளிக் களஞ்சியமன்று. யூடியூப்பிற்குப் பிறிதொரு முகப்பு. வீட்டிலுள்ள சிறு கணினியொன்றில் அதனை நிறுவினால், நாம் நாடும் காணொளி விளம்பரமும் வேவு நிரல்களும் இன்றி நம் திரைக்கு வரும். நாம் விரும்பித் தொடரும் அலைவரிசைகளின் பட்டியல் கூகுள் கணக்கிலன்றி, வீட்டுத் தரவுத்தளத்திலேயே தங்கும். ஒன்று கருதத்தக்கது: வீட்டின் இணைய முகவரி இதனால் மறைவதில்லை. காணொளியைத் தன் வழியாகவே அனுப்பும் பொதுத்தளம் அதனை மறைக்கும். ஆயின், அத்தளத்தை நடத்துவோரை நாம் நம்பியாக வேண்டும்.

2020 செப்டம்பரில் முதன்மைப் பொதுத்தளம் மூடப்பட்டது. மூலநிரல் யாவர்க்கும் திறந்திருந்தமையால் பணி நிற்கவில்லை. 2023 சூனில், ஏழு நாள்களுக்குள் நிறுத்துமாறு யூடியூப் கடிதம் விடுத்தது. அந்நிறுவனம் வழங்கும் நிரல் இடைமுகத்தைத் தாங்கள் பயன்படுத்தவில்லை. ஆதலின் அதன் விதிகளுக்கு உடன்பட்டதும் இல்லை என்று உருவாக்குநர் மறுமொழி கூறினர். பின்னர் யூடியூப் தொழில்நுட்பத் தடைகளைப் பெருக்கவே, பொதுத்தளங்கள் பல முடங்கின. வீட்டிலேயே நிறுவிக்கொள்ளும் முறை மேலும் முதன்மை பெற்றது.

1984ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதற்கும் அரணாகும் எனக் கருதிவிடல் கூடாது. பதிவுக்கருவி விளம்பரத்தையும் சேர்த்தே பதிந்தது; இம்முகப்போ அதனை அறவே நீக்குகின்றது. அவ்விளம்பர வருவாயில் ஒரு பங்கு படைப்பாளர் பலருக்குச் செல்வதையும் மறத்தல் ஆகாது. இலக்கணமோ கணிதமோ கற்பிக்கும் ஒருவரின் காணொளியால் பயன்பெறும் மாணவன், வேவுக்கு உடன்பட வேண்டுவதில்லை. ஆனால், அவ்வுழைப்புக்கு உரியதை வேறு வழியிலேனும் அளிக்கக் கடமைப்பட்டவன். காண்போரின் உரிமையை வளர்த்த இவ்வரலாறு, அவர்தம் கடமையையும் உடன் கற்பிக்கின்றது.