ஹூபாக்

சாலையையும் ரயிலையும் இணைத்து ஐரோப்பா முழுதும் சரக்கு அனுப்பும் சுவிஸ் நிறுவனம். 1967இல் இத்தாலிய எல்லையை ஒட்டிய கியாஸ்ஸோவில், லாரி நிறுவனங்களும் சுவிஸ் கூட்டாட்சி ரயில்வேயும் சேர்ந்து இதைத் தொடங்கின. பல்லாண்டுகள் சுவிட்சர்லாந்து 28 டன்னைத் தாண்டிய லாரிகளைப் பொதுவாகச் சாலையில் அனுமதிக்கவில்லை; ஆல்ப்ஸைக் கடக்கும் ரயில் சேவை வளர இதுவே பெருங்காரணம்.

மிலானுக்கு அருகிலுள்ள புஸ்தோ அர்சீத்சியோ–கல்லராத்தே இதன் பெருமுனையம். அங்கே கிரேனின் நான்கு கைகள் டிரெய்லரை அடியில் பற்றித் தூக்கி, தாழ்தள வேகனில் இறக்குகின்றன. இழுவை வண்டியும் ஓட்டுநரும் உடன் செல்வதில்லை. செலவு குறைவது இதனால்தான்.

2016இல் 57 கி.மீ. நீளக் கோத்தார்டு அடித்தளச் சுரங்கமும் 2020இல் செனேரி சுரங்கமும் திறந்தபின், 4 மீட்டர் உயர டிரெய்லர்களும் இவ்வழியே போகின்றன. ஆனால் 2017இல் ஜெர்மனியின் ராஸ்டாட்டில் தண்டவாளம் தாழ்ந்து, வடக்கிலிருந்து இச்சுரங்கத் தடத்துக்கு இட்டுவரும் ரைன் பள்ளத்தாக்குப் பாதை ஏழு வாரங்களுக்கு மேல் மூடப்பட்டது. ஒரே தடத்தை நம்பிய வளர்ச்சியின் பலவீனம் அப்போது வெளிப்பட்டது.