ஆமா போடுறவரும் கட்டைவிரலும்

2024-ல சென்னை உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளைக்கு விசித்திரமான ஒரு வழக்கு வந்தது. ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருத்தர். அவங்க வாட்ஸ்அப் குழுவுல, ஒரு மேலதிகாரி கொலையான செய்தி வருது. இவர் அதுக்குக் கட்டைவிரலைப் போட்டுட்டார். கொலையைக் கொண்டாடுறார்னு சொல்லி வேலையை விட்டே நீக்கிட்டாங்க. தனி நீதிபதி அவரைத் திரும்ப வேலையில சேர்க்கச் சொன்னார். மேல்முறையீட்டுல இரண்டு நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதிப்படுத்திச்சு. அந்தக் கட்டைவிரலை 'சரி, பார்த்துட்டேன்'னு எடுத்துக்கலாம், கொண்டாட்டம்னு சொல்ல முடியாது என்பது அமர்வின் பார்வை.

இதுக்கு முந்தின வருஷம் கனடாவுல, சஸ்காச்சுவான் மாகாணத்துல, ஆளிவிதை விற்பனை ஒப்பந்தத்தைப் படம் எடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்புறாங்க. அவர் பதிலுக்கு அனுப்பினது அதே கட்டைவிரல். அது கையெழுத்துக்குச் சமம்னு நீதிமன்றம் சொல்லிருச்சு. சரக்கு கொடுக்காததுக்கு 82,000 கனடா டாலருக்கு மேல அவர் கட்ட வேண்டியதாச்சு. ஒரே விரல்தான். இங்கே 'பார்த்தேன்', அங்கே 'சம்மதிச்சேன்'.

நம்ம திருநெல்வேலிச் சீமையில இந்தக் குழப்பம் புதுசு இல்ல. இதையே தொழிலாச் செய்யுற ஒருத்தர் இங்கே உண்டு. வில்லுப்பாட்டுல ஆமா போடுறவர்.

கோயில் கொடையில சுடலைமாடன் கதையோ இசக்கி கதையோ நடக்கும். மணி கட்டின வில், நடுவுல புலவர், பக்கத்துல குடம், உடுக்கை, தாளம், கட்டை. புலவர் ஒரு வரி சொல்லி வீசுகோலை நாணுல தட்டுவார். உடனே பக்கத்துல இருந்து "ஆமா" வரும். அந்த "ஆமா" வரலைன்னா கதை நகராது. விடிய விடியப் பாடுற ஆளுக்கு மூச்சு வாங்க இடம் வேணும், தாளம் விழணும், தூங்கப் போற கூட்டத்தை உசுப்பணும். இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள்ள இருக்கு. ஆமா போடுறவர் ஆமா மட்டுமே சொல்றவரும் இல்ல. "அப்படியா?"ம்பார், "அட!"ம்பார், "அதெப்படி அண்ணாச்சி?"ன்னு குறுக்கே கேப்பார். கூட்டம் கேக்க நினைச்சதை அவர் கேக்கிறார்.

இப்போ முத்துப்பட்டன் கதைக்கு வருவோம். பாபநாசத்துக்கு மேல, காரையாறுல, தாமிரபரணிக் கரையில சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கு. அங்கே பட்டவராயனா நிக்கிறது இந்த முத்துப்பட்டன்தான். பக்தர்கள் செருப்பைக் காணிக்கையாச் செலுத்துற சன்னதி அது. கதைப்படி அவன் பிராமணன். பொம்மக்கா, திம்மக்கான்னு சக்கிலியர் குடும்பத்துப் பெண்கள் ரெண்டு பேரைக் கட்டிக்க ஆசைப்படுறான். அப்பா வாலப்பகடை என்ன சொல்றார்? பூணூலை அறு, குடுமியை அறு, செருப்புத் தைச்சுக் கொண்டு வா. அவன் செய்யுறான்.

இந்த இடத்துலயும் பக்கத்துல இருக்கிறவர் "ஆமா"ன்னுதான் சொல்லுவார். அது சம்மதமா? நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பிச்சு, 1971-ல மதுரைப் பல்கலைக்கழகம் இந்தக் கதையை வெளியிட்டது. அந்தப் பெண்கள் பிறப்பால பிராமணக் குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தவர்னு கதை பின்னாடி மாத்தப்பட்டதைப் பத்தி அவர் எழுதியிருக்கார். யாரோ சிலருக்கு மூலக்கதை தாங்கல. ஆனா மாத்தின கதைக்கும் "ஆமா" விழுந்தது, மாத்தாத கதைக்கும் விழுந்தது. சாதி மாறிக் கட்டினா வெட்டுக்குத்து வரைக்கும் போற பூமி இது. அங்கே விடியவிடிய ஆமா கேட்டவங்க எல்லாரும் வீட்டுல அதை ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னா யாரு நம்புவா? என் கணக்குல அந்த "ஆமா", 'கேட்டுக்கிட்டு இருக்கேன், மேல சொல்லு' என்பதுதான். அதுவே பெரிய விஷயம். அந்தக் கதையைச் சொல்லி முடிக்க விட்டதே அதுதான்.

சத்திரம் புதுக்குளத்துல பிறந்த சுப்பு ஆறுமுகம் இந்தக் கலையை ரேடியோவுக்கும் டிவிக்கும் கொண்டு போனார். 2021-ல பத்மஸ்ரீ, 2022-ல மறைவு. அவர் வழியாத்தான் பல ஊர்க்காரங்களுக்கு "ஆமா" பழக்கமாச்சு. இதுக்கு நேர் எதிர்த் துருவம் வண்ணார்பேட்டையில, டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டி. அங்கே ரசிக்கிறதுதான் வேலையே. அங்கே ஒரு "ஆஹா"ன்னா, பாட்டு பிடிச்சிருக்குன்னு அர்த்தம். வேற எதுவும் இல்ல.

ஃபேஸ்புக் 2009 பிப்ரவரியில லைக் பட்டனைக் கொண்டு வந்தப்போ இந்த ரெண்டையும் ஒண்ணாக் கலந்துட்டாங்க. சாவுச் செய்திக்கு லைக் போடவா வேண்டாமான்னு ஏழு வருஷம் ஜனங்க முழிச்சாங்க. 2016-லதான் அழுகையும் கோபமும் வந்தது. 2022-ல வாட்ஸ்அப் முதல்ல ஆறு கொடுத்தது: கட்டைவிரல், இதயம், சிரிப்பு, ஆச்சரியம், கண்ணீர், கும்பிடு.

நம்ம ஊர்ல துட்டி கேக்கப் போனா பேச்சே தேவையில்ல. போகணும், உக்காரணும், முகத்தைக் காட்டணும். கிளம்பும்போது "போயிட்டு வாரேன்"னு சொல்லக் கூடாது, பேசாம எந்திரிச்சு வந்துரணும். யாரு வந்தா, யாரு வரலைன்னு வருஷக்கணக்கா ஞாபகம் வச்சிருப்பாங்க. இன்னைக்குத் துட்டிச் செய்தி குழுவுல வந்த உடனே வரிசையாக் கும்பிடு விழுது. காலை வணக்கத்துக்கும் அதே கும்பிடு, ரோடு போட்டுக் கொடுத்த கவுன்சிலருக்கும் அதே கும்பிடு. துட்டி வீட்டுக்காரங்க அந்தக் கும்பிடுகளையும் எண்ணத்தான் செய்யுறாங்க. அதோட, பதினாறாம் நாள் யாரு நேர்ல வந்தாங்கங்கிறதையும்.