எண்ணெய்க்குள் இருக்கும் கிளட்ச்

ஆட்டோமேட்டிக் கார் நடுத்தரக் குடும்பங்களுக்குப் பரவலாக எட்டியது 2014-இல் மாருதி செலேரியோ வந்த பிறகுதான். அதிலிருந்த ஏ.எம்.டி., சாதாரண கியர்பாக்ஸில் டிரைவரின் காலுக்குப் பதிலாக இயந்திரமே கிளட்ச் பிடிக்கும் ஏற்பாடு. எந்த ஷெட்டுக்கும் பழகிய வேலை. டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் வண்டி வேறு. அதில் கிளட்ச் பிளேட்டுகள் கியர்பாக்ஸுக்குள்ளேயே எண்ணெயில் நனைந்து கிடக்கும். ஆர்.பி.எம். ஏறியும் வண்டி இழுக்கவில்லை என்றால், இது புது நுட்பம், சிதம்பரத்தில் ஆகாது, பாக்ஸையே மாற்று என்று முடிவுகட்டிவிடுகிறோம். வரலாறு அதை ஏற்காது.

1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீலில் வந்த ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் முன்னும் பின்னுமாக இரண்டு பிளானட்டரி கியர் தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளட்ச், ஒரு பேண்டு. முதல் கியரில் இரண்டு பேண்டும் பிடிக்கும். இரண்டாவதில் முன் கிளட்ச்சும் பின் பேண்டும், மூன்றாவதில் முன் பேண்டும் பின் கிளட்ச்சும், நான்காவதில் இரண்டு கிளட்ச்சும். இரண்டிலும் நான்கிலும் மட்டும் ஸ்லிப் ஆனால் சந்தேகம் முன் கிளட்ச் மேல். மூன்றிலும் நான்கிலும் என்றால் பின் கிளட்ச் மேல். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் ஓட்டிப் பார்த்தே பழுதின் இடத்தை நெருங்கிவிடலாம். இன்றைய ஆறு கியர், எட்டு கியர் பாக்ஸுக்கும் இதே கணக்குதான். அட்டவணை மட்டும் நீளம்.

நம் மாவட்டத்துக்கும் இந்த நுட்பம் அந்நியமல்ல. 1957-இல் தோண்டத் தொடங்கிய நெய்வேலிச் சுரங்கத்தில் உழைத்த பி.இ.எம்.எல். புல்டோசர்கள் கொமாட்சு வழி வந்தவை. அவற்றிலும் டார்க் கன்வெர்ட்டர், எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் பல பிளேட் கிளட்ச். புல்டோசரும் காரும் ஒன்றா என்று கேட்கலாம். அளவும் எலக்ட்ரானிக்ஸும் வேறு. அழுத்தம் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் பிளேட்டுகளை நெருக்குவது இரண்டிலும் ஒன்றே.

ஸ்கேனர் வந்தபின் பழைய கணக்கு எதற்கு என்பது வலுவான கேள்வி. உள்ளே போகும் சுழற்சியையும் வெளியே வரும் சுழற்சியையும் ஒப்பிட்டு, ஸ்லிப் இருக்கிறது என்று ஸ்கேனர் சரியாகவே சொல்லும். பிளேட் தேய்ந்ததா, பிஸ்டன் சீல் போனதா, சோலனாய்டு சிக்கியதா, பம்ப் அழுத்தமே குறைவா என்பதை ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீடு மட்டும் சொல்லாது. பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும். வால்வு பாடியை இறக்கி, கிளட்ச்சுக்குப் போகும் துளையில் காற்றடித்தால், சீல் நன்றாக இருந்தால் பிஸ்டன் ‘டொப்’பென்று நகரும், கிழிந்திருந்தால் ‘உஸ்’ஸென்று கசியும். அதைப் பார்க்காமல் பிளேட் மட்டும் புதிதாகப் போட்டால் அதுவும் கருகும்.

1945 முதல் பொறியியல் கற்பிக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்திலேயே இருக்கிறது. ஷெட்டில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு இந்தச் சோதனைகளைத் தமிழில் கற்றுத்தரும் குறுகிய காலப் பயிற்சி ஒன்றை அது நடத்த வேண்டும்.