பழைய கெப் வாகனங்களில் காற்றோட்டக் குறைவு

விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதும் டாஷ்போர்டிலுள்ள துவாரங்கள் வழியே போதிய காற்று வராதிருப்பது காற்றோட்டக் குறைவு எனப்படும். இது குளிர்ச்சிக் குறைவிலிருந்து வேறானது. குளிர்ச்சி குறைந்த வாகனத்தில் காற்று வேகமாக வரும், ஆனால் சூடாக இருக்கும். காற்றோட்டம் குறைந்த வாகனத்தில் துவாரத்தருகே கை வைத்தால் குளிர் தெரியும், ஆனால் அக்குளிர் முகத்துக்கு எட்டாது. இலங்கையின் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் ஓடும் கெப் வாகனங்களுக்கு, கிழக்கேயுள்ள கடலும் மேற்கேயுள்ள வயல்களும் இக்குறையைக் கொண்டுவருகின்றன.

வரலாறு

வாகனத்தினுள் காற்றை விசிறியால் தள்ளும் முறை குளிர்நாடுகளின் தேவையிலிருந்து பிறந்தது. வெளிக்காற்றை வடிகட்டிச் சூடாக்கி உள்ளே செலுத்தும் ‘வெதர் ஐ’ அமைப்பை அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1938இல் அறிமுகப்படுத்தியது. நிறுவனமே ஏசி பொருத்தி விற்ற முதற் கார், 1940ஆம் ஆண்டு மாதிரியாக வந்த பெக்கார்ட் ஆகும். அதன் குளிர்க் கொயில் பின்பக்கச் சாமான் அறையில் இருந்தது. காற்று பின்னிருக்கையின் பின்னாலிருந்து வந்தது. கம்பிரசரை நிறுத்த விரும்பியவர் என்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. 1954இல் நாஷ் அம்பாசிடர் காரில் எல்லாப் பாகங்களும் என்ஜின் அறைக்குள்ளும் டாஷ்போர்டின் கீழும் அடக்கப்பட்டன. விசிறியும் கொயிலும் டாஷ்போர்டுக்குப் பின்னே அடுத்தடுத்து அமையும் இன்றைய ஒழுங்கு இதன் வழிவந்ததே.

கெப் வாகனங்களுக்கு இவ்வசதி பிந்தியே வந்தது. 1968இல் ஹினோ நிறுவனத்தின் தயாரிப்பில் வெளிவந்த டொயோட்டா ஹைலக்ஸ் முதன்மையாகச் சுமை வாகனம். அதன் அடுத்த தலைமுறைகள் 1972, 1978, 1983, 1988, 1997, 2004 ஆகிய ஆண்டுகளில் வந்தன. மிட்சுபிசி எல்200 1978இலும் நிசான் டி21 1985இலும் அறிமுகமாயின. இரண்டு வரிசை இருக்கைகளுடன் டபுள் கெப் குடும்ப வாகனமாகவும் மாறியபோது ஏசியும் வழக்கமாயிற்று. பழைய மாதிரிகள் பலவற்றில் குளிர்க் கொயில் பெட்டி, விசிறிப் பெட்டிக்கும் காற்றைப் பங்கிடும் பெட்டிக்கும் இடையே கிளவ் பொக்ஸின் பின்னால் அமைந்திருக்கும். கொயிலுக்கு முன் வடிகட்டி இராது. தூசு நேரே கொயிலில் போய்ப் படிவதற்கு இதுவே காரணம்.

வகைப்பாடு

காற்றோட்டக் குறைவை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

மின் குறை: விசிறி உச்ச வேகத்தில் மட்டும் ஓடி, மற்ற வேகங்களில் நின்றால் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். உச்ச வேகத்தில் மின்சாரம் ரெசிஸ்டரைத் தொடாமல் நேரே மோட்டருக்குப் போவதால் அந்த வேகம் மட்டும் தப்புகிறது. எல்லா வேகங்களும் மந்தமாக இருந்தால் மோட்டரின் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அல்லது இணைப்பும் எர்த் வயரும் உப்புப் பிடித்திருக்கலாம். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஏறத்தாழ 14 வோல்ட் இருக்கும். உச்ச வேகத்தில் மோட்டரின் முனைகளில் 2 வோல்ட் குறைந்து காட்டினால் குறை வயரிங்கில்தான். மோட்டரை மாற்றத் தேவையில்லை.

விசிறிக் குறை: விசிறிக் கூட்டின் இதழ்களில் சருகும் உமியும் நிரம்புவது, எலி கூடு கட்டுவது ஆகியன இவ்வகை. புது மோட்டர் போட்ட பிறகும் காற்று குறைந்தே வந்தால் வயர்கள் மாறிக் கொடுக்கப்பட்டிருக்கக்கூடும். இவ்வகை விசிறி தலைகீழாகச் சுழன்றாலும் காற்றை அதே திசையில்தான், ஆனால் மெலிவாகத் தள்ளும். அதனால் இப்பிழை எளிதில் கண்ணுக்குப் படாது.

அடைப்பு: விசிறியின் இரைச்சல் பலமாகவும் காற்று மெலிவாகவும் இருந்தால் கொயிலின் தகடுகளுக்கிடையே சேறு இறுகியிருக்கும்.

பனி உறைவு: புறப்படும்போது நன்றாக வந்த காற்று போகப்போகக் குறைந்தால் கொயிலில் பனி கட்டியுள்ளது. குளிர் அளவறிந்து கம்பிரசரை நிறுத்தும் உணரி பழுதாவது, குளிரூட்டும் கேஸ் குறைவது, முன்சொன்ன அடைப்பு ஆகிய மூன்றும் இதற்குக் காரணமாகும். ஏசி சுவிட்சை அணைத்து விசிறியை மட்டும் சிறிது நேரம் ஓடவிட்டால் வாகனத்தின் கீழே நீர் வடிந்து காற்று திரும்பும்.

மடல் குறை: காற்று முகத்துக்கு வராமல் காலுக்கோ கண்ணாடிக்கோ போனால் காற்றின் திசையை மாற்றும் மடலை இழுக்கும் கேபிள் கழன்றிருக்கும், அல்லது மடலின் விளிம்பிலுள்ள பஞ்சு உதிர்ந்திருக்கும்.

கரையோரச் சூழல்

சம்மாந்துறை, இறக்காமம் பக்க வயல்களில் பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச் மாதங்களிலும் சிறுபோக அறுவடை ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிலும் நடைபெறும். அறுவடை இயந்திரம் கிளப்பும் பதரும் வைக்கோல் தூசும், முன்கண்ணாடியின் அடியிலுள்ள வழியால் விசிறிக்குள் போகின்றன. மே முதல் வீசும் வறண்ட கச்சான் காற்று மண்தூசைச் சேர்க்கிறது. ஈரமான கொயிலில் இவையெல்லாம் ஒட்டிச் சேறாகின்றன. கடற்காற்றின் உப்பு அலுமினியத் தகடுகளையும் செப்பு இணைப்புகளையும் அரிக்கிறது. வேப்பமரத்தடியில் நிறுத்தும் வாகனத்தில் சருகும் சேரும். வயற்பாதையில் செல்லும்போது காற்றுவழி நெம்பை உட்சுழற்சியில் வைத்தால் பெரும்பகுதித் தூசைத் தவிர்க்கலாம்.

திருத்தம்

முதலில் ஃபியூஸ், இணைப்புகள், ரெசிஸ்டர். அடுத்து கிளவ் பொக்ஸைக் கழற்றி விசிறி. கடைசியாகக் கொயில் என்பதே சரியான வரிசை. கொயிலைக் கழற்றிக் கழுவுவதே முறையானது. நுரை தெளித்துக் கழுவுதல் இறுகிய சேற்றை முழுமையாக எடுக்காது. கழற்றுமுன் கேஸை இயந்திரத்தால் சேகரிக்க வேண்டும், காற்றில் விடலாகாது. ஓசோன் படலத்தைக் காக்கும் 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989இல் இணைந்தது. ஆர்-12 வாயுவுக்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காவிட்டாலும் புவியைச் சூடாக்கும் வாயுவாகும்.

இன்றைய நிலை

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய கெப் வாகனங்களைத் திருத்தி ஓட்டுவதே வழியாயிற்று. காற்றோட்டத்தின் அளவைச் சோதிக்காமல் கேஸ் மட்டும் நிரப்புவது பணத்தை வீணாக்கும் வேலையாகும்.