எண்ணூறு விக்கெற் வீழ்த்திய வீரர்

பொன்னின் தரத்தை நெருப்புக் காட்டும். மனிதனின் தரத்தைச் சோதனை காட்டும். ஈழத் திருநாடு உலகுக்கு அளித்த பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரனின் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

இவர் 1972 ஏப்ரல் 17ஆம் நாள் கண்டியிற் பிறந்தார். பாட்டனார் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத் தொழிலுக்கு வந்தவர். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து வீசத் தொடங்கிய சிறுவன், பயிற்றுநரின் சொற்கேட்டுச் சுழற்பந்துக்கு மாறினான். 1992இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் ரெஸ்ற் ஆட்டம் ஆடினார்.

1995 டிசெம்பர் 26ஆம் நாள் மெல்பேண் மைதானத்தில், இவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று நடுவர் ஏழு முறை ‘நோபோல்’ கூறினார். முரளிதரன் தமது கையையே ஆய்வாளரிடம் சோதனைக்கு ஒப்படைத்தார். பிறவியிலேயே முற்றாக நிமிராத முழங்கையே அத்தோற்றத்துக்குக் காரணமென 1996இல் தெளிவாயிற்று.

எனினும் 1999இல் அடிலெயிட்டில் அதே குற்றச்சாட்டு மீண்டும் எழுந்தது. உடனே அணித்தலைவர் அர்ச்சுன ரணதுங்க தம் வீரர்களை மைதானத்தின் எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றார். நாட்டிலே போர் மூண்டிருந்த காலத்தில், தமிழ் வீரரின் மானத்துக்காகச் சிங்களத் தலைவர் ஆட்டத்தையே நிறுத்தினார் என்பதை நாம் மறத்தலாகாது.

2010 யூலை 22ஆம் நாள் காலியில், தமது 133ஆவது ரெஸ்ற் ஆட்டத்தில் தாம் வீசிய இறுதிப் பந்தில், இவர் 800ஆவது விக்கெற்றை வீழ்த்தினார். அப்பந்தைப் பிடித்தவர் மகேல ஜயவர்தன.

இளைஞர்காள்! பழி வரும்போது சினந்து ஓடாதீர். உண்மையைச் சோதனைக்கு விடுங்கள். தோழனுக்குப் பழி வரின் அவன் பக்கம் நில்லுங்கள்.